வெடித்த ஐந்நூறாம் நாள்

"நாமெல்லாம் நட்சத்திரத் தூசி" என்ற வரி மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. பின்னணியில் ஊதாவும் நீலமுமாக ஒரு நெபுலா, அடியில் காலை வணக்கம். எனக்கு அந்த வரியோடு ஒரு சின்னச் சண்டை உண்டு. எலும்பில் இருக்கிற கால்சியமும் ரத்தத்தில் ஓடுகிற இரும்பும் எப்போதோ நட்சத்திரங்களில் உருவானவை என்பது சரிதான். ஆனால் அணு வேறு, தூசி வேறு. தூசி என்றால் திடப்பொருள். லட்சக்கணக்கான அணுக்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, ஒட்டி, வரிசையில் உட்கார்ந்தால்தான் ஒரு துகள். ஒரு நட்சத்திரம் வெடிக்கும்போது உள்ளே சூடு கோடிக்கணக்கான டிகிரி. அணுக்கரு வரைக்கும் நொறுங்குகிற இடம் அது. அங்கே போய் எது எதோடு ஒட்டும்?

ஒட்டுகிறது என்பதுதான் வேடிக்கை. எப்போது, எவ்வளவு, அதில் எவ்வளவு பிழைக்கிறது என்பதில்தான் விஞ்ஞானிகள் இன்னும் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். அந்த மல்லுக்கட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எல்லாருக்கும் தெரிந்த சாட்சி ஒன்று இருக்கிறது: 1987ஏ என்ற சூப்பர்நோவா, அதாவது வெடித்த நட்சத்திரம். அந்த வருடம் பிப்ரவரி 23-24 இரவில், சிலி நாட்டு லாஸ் காம்பனாஸ் மலையில் இயன் ஷெல்டன் என்ற இளைஞர் ஒரு சிறிய தொலைநோக்கியில், நமக்குப் பக்கத்து விண்மீன்மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தைப் படம் பிடித்தார். கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால் முந்தின நாள் இல்லாத ஒரு பெரிய புள்ளி. தகட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், புள்ளி வானத்திலும் இருக்கிறது. அதே மலையில் இரவு உதவியாளராக இருந்த ஆஸ்கர் துஹால்டே அதற்குச் சில மணி நேரம் முன்பே, வேலைக்கு நடுவே வெளியே வந்தபோது, வெறுங்கண்ணால் பார்த்திருந்தார். பார்த்தவர் உடனே யாரிடமும் சொல்லவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் சூப்பர்நோவா 1604-க்குப் பிறகு அதுதான் முதல்.

வெடித்தது சாண்டுலீக் என்பவர் போட்ட நட்சத்திரப் பட்டியலில் ஏற்கெனவே எண் போட்டு வைத்திருந்த ஒரு நீலப் பெருநட்சத்திரம். சூரியனைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு எடை, தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. ஒளி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே ஜப்பானின் காமியோக்காண்டே உள்ளிட்ட மூன்று நிலத்தடிக் கருவிகள், எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களான நியூட்ரினோக்களைப் பிடித்திருந்தன. எல்லாம் சேர்த்து இரண்டு டஜன் அளவுக்கு. (நம் காவலூர் வானாய்வகத்திலிருந்து பார்த்தால் இந்த நட்சத்திரம் தெற்கு அடிவானத்துக்கு மேல் எட்டு டிகிரிதான் எழும். அந்த எட்டு டிகிரியை வைத்துக்கொண்டும் அங்கே நிறமாலை எடுத்தார்கள்.)

வெடிப்புக்குப் பிறகான முதல் சில மாதங்களைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்குப் பிடித்தது, கூட்டம் கலைந்த பிறகு நடந்தது.

நட்சத்திரத்தின் வயிறு அடுக்கடுக்காக இருக்கும். நடுவே இரும்பும் நிக்கலும், அதற்கு வெளியே சிலிக்கனும் கந்தகமும், பிறகு மக்னீசியம் கலந்த ஆக்சிஜன், பிறகு கார்பன், ஹீலியம், கடைசியில் ஹைட்ரஜன். வெடிப்பு இந்த அடுக்குகளைக் கிழித்துத் திசைக்கொன்றாக வீசுகிறது. ஆனால் அணு மட்டத்தில் கலக்குவதில்லை. ஆக்சிஜன் கட்டி ஆக்சிஜன் கட்டியாகவே பறக்கிறது, சிலிக்கன் கட்டி தனியே. உட்பகுதியின் வேகம் விநாடிக்கு சுமார் 2,000 கிலோமீட்டர் என்று வைத்துக் கொண்டால், ஐந்நூறு நாளில் அது நெப்டியூன் இருக்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு விரிந்திருக்கும். விரிய விரிய ஆறும். கோடிகளிலிருந்து ஆயிரங்களுக்கு இறங்கி, 2,000 கெல்வினுக்குக் கீழே வரும்போதுதான் அணுக்கள் ஒட்டினால் பிரியாமல் இருக்க முடியும்.

ஆனால் ஆறுவது மட்டும் போதாது. நாள் இரட்டிப்பானால் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். ரொம்ப ஆறிவிட்டால் ஒட்டுவதற்குப் பக்கத்தில் ஆளே இருக்காது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும்: கொஞ்சம் முந்தினால் பிடிக்காது, பிந்தினால் ஒன்றுக்கும் ஆகாது. சூப்பர்நோவாவுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. அது வெடித்து ஒன்றிரண்டு வருடத்தில் வந்து, சில வருடங்களில் போய்விடுகிறது என்பது பலரின் கணக்கு.

பதம் வந்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. கார்பனும் ஆக்சிஜனும் சந்தித்தால் முதல் வேலையாகக் கார்பன் மோனாக்சைடாகிவிடும். அந்தப் பிணைப்பு லேசில் விடாது. 1987ஏ-யில் வெடித்த சில மாதங்களுக்குள்ளேயே கார்பன் மோனாக்சைடும் சிலிக்கன் மோனாக்சைடும் அகச்சிவப்பில் தெரிந்தன. ஆக்சிஜன் அதிகமாக இருக்கும் இடத்தில் கார்பன் முழுவதும் இப்படிச் சிறைப்பட்டுவிடும், கரித்துகள் உருவாகவே முடியாது என்பது பழைய பாடம். அமெரிக்க வானியற்பியலாளர் டொனால்ட் கிளேட்டன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வெடிப்பில் பிறந்த கதிரியக்க நிக்கல் ஆறு நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது. கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. அப்போது கிளம்பும் காமா கதிர்கள் எலெக்ட்ரான்களை உதைத்துத் தள்ள, அந்த எலெக்ட்ரான்கள் போய்க் கார்பன் மோனாக்சைடை உடைக்கின்றன. கார்பனுக்கு விடுதலை. 1999-இல் கிளேட்டனும் கூட்டாளிகளும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் துகள் உருவாவதைக் கெடுக்கும் என்று நினைத்த அதே கதிரியக்கம் அதற்குக் கதவும் திறந்துவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்.

இனி 1988 ஆகஸ்ட் வாக்கில் என்ன நடந்தது என்று பார்ப்போம். வெடித்து ஏறத்தாழ 530 நாள். கோபால்ட் தேயும் வேகத்துக்குத் தகுந்தபடி மெல்ல மங்கிக்கொண்டு வந்த வெளிச்சம் திடீரென்று அதைவிட வேகமாக மங்கியது. குறைந்தது எங்கே போயிற்று என்று தேடினால், அகச்சிவப்பில் ஏறியிருக்கிறது. யாரோ நடுவில் நின்று ஒளியை விழுங்கி வெப்பமாகக் கக்குகிறார்கள். சிலிக்கன் மோனாக்சைடின் நிறமாலைக் கோடுகளும் அந்தச் சமயத்தில் காணாமல் போயின. மூலக்கூறு செலவாகித் துகளாகிவிட்டது போல.

இவற்றையெல்லாம் விட அழகான தடயம் நிறமாலைக் கோடுகளின் வடிவம். வெடிப்பின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, அதன் ஒளி நீலப் பக்கம் நகரும். மறுபாதி விலகிப் போகிறது, அது சிவப்புப் பக்கம். இரண்டும் சேர்ந்த கோடு சமச்சீராக இருக்க வேண்டும். அந்த நாட்களில் கோடுகளின் சிவப்புத் தோள் தேய்ந்து, முகடு நீலத்தின் பக்கம் சாய்ந்தது. பின்பாதியிலிருந்து வரும் ஒளிதான் வெடிப்பின் முழு வயிற்றையும் கடந்து வர வேண்டும், உள்ளே தூசி பிடித்தால் முதலில் அடிபடுவது அதுதான். லியோன் லூசியின் குழு சிலியிலிருந்து எடுத்த அளவீடுகளில் இதைக் கண்டுபிடித்தது. ஒரு துகளையும் கண்ணால் பார்க்காமல், வெறும் ஒரு சாய்ந்த கோட்டை வைத்துக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள்.

பிடித்தார்களே தவிர, எடை போட்டபோது ஏமாற்றம். சூரிய நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை. அடுத்தடுத்து மற்ற சூப்பர்நோவாக்களிலும் அதே கதை. இது ஏன் பிரச்சினை என்றால், 2003-இல் மிகத் தொலைவில் ஜே1148 என்ற ஒரு குவேசாரை (ராட்சதக் கருந்துளையால் ஒளிரும் விண்மீன்மண்டல மையத்தை)ச் சுற்றிப் பல கோடி சூரியன்களின் எடைக்குத் தூசி இருப்பதை மில்லிமீட்டர் அலைகளில் அளந்திருந்தார்கள். பிரபஞ்சத்துக்கு அப்போது 90 கோடி வயதுகூட ஆகவில்லை. நம் பால்வீதியில் தூசிக்குப் பெரும் பங்களிப்பவை வயதான செம்பூத நட்சத்திரங்கள். சூரியன் மாதிரி ஒன்று அந்த நிலைக்கு வரச் சுமார் ஆயிரம் கோடி ஆண்டு ஆகும். கனமானவை அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும் என்றாலும், அவற்றை மட்டும் வைத்துக் கணக்கை நேர் செய்வது கடினம். அவசரத்துக்குத் தூசி தருகிற ஆள், சில பத்து லட்சம் ஆண்டில் பிறந்து வெடித்து முடித்துவிடுகிற பெருநட்சத்திரம்தான். அது ஒரு வெடிப்புக்குச் சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்காவது கொடுக்க வேண்டும். கையில் இருந்ததோ ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே.

முடிச்சு அவிழ்ந்தது 2011-இல், அதுவும் தற்செயலாக. ஐரோப்பாவின் ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கி மெகல்லன் மேகங்கள் முழுவதையும் தூர அகச்சிவப்பில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வரைபடத்தில் 1987ஏ இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மிக்காக்கோ மத்சுஊராவின் குழு கணக்குப் போட்டதில் 0.4 முதல் 0.7 சூரிய நிறை. பூமியைப் போல ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் உருண்டைகள் செய்யலாம். அதன் வெப்பநிலை 20 கெல்வின் சுமாருக்கு. மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. அதுவரை பார்த்த கருவிகள் எல்லாம் வெதுவெதுப்பான தூசியை மட்டுமே பார்க்கத் தெரிந்தவை, ஆறிப்போனது அவற்றின் கண்ணில் படவே இல்லை.

இது நட்சத்திரம் முன்பே உதறிவிட்டுப் போன பழைய வளையத்தின் தூசியாக இருக்கலாமே என்ற சந்தேகத்தை, 2014-இல் அட்டகாமா பாலைவனத்தின் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி தீர்த்து வைத்தது. கடல்மட்டத்துக்கு 5,000 மீட்டர் மேலே, பல கிண்ணங்கள் சேர்ந்து எடுத்த படத்தில் தூசி வளையத்தில் இல்லை, வளையத்துக்கு நடுவே, வெடித்த பொருளுக்குள்ளேயே இருந்தது. அதே தூசிதான் வெடித்தபின் மிஞ்சி நடுவில் இருக்க வேண்டிய நியூட்ரான் நட்சத்திரத்தையும் முப்பத்தேழு வருடம் மறைத்து வைத்திருந்தது என்று சொல்ல வேண்டும். 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மையத்தில் ஆர்கான், கந்தகக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் அது உள்ளே இருப்பதற்கு உருப்படியான சான்று கிடைத்தது.

இங்கே கதையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆயிரத்தில் ஒன்று எப்படி இருபத்து நான்கு வருடத்தில் பாதிச் சூரியன் ஆயிற்று? ரோஜர் வெஸ்ஸன் போன்றவர்கள், கோடுகளின் சாய்வையும் அகச்சிவப்பு அளவையும் வருடவாரியாகப் பொருத்தி, தூசி மெல்ல மெல்ல வளர்ந்தது என்கிறார்கள். எலி டுவெக்கும் ரிச்சர்ட் ஆரெண்டும், தூசி எல்லாம் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே உருவாகிவிட்டது, ஆனால் கெட்டியான கட்டிகளுக்குள் ஒளிந்திருந்ததால் வெளியே இருந்த தோலை மட்டும்தான் அளந்தோம் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சி கொஞ்சம் கூடுதலாக நியாயமாகப் படுகிறது. பத்தாண்டு கழித்துத் துகள் வளர்வதற்கு அங்கே அடர்த்தி எங்கே மிச்சம்? ஆனால் கோடுகளின் வடிவம் முதல் கட்சிக்குச் சாதகமாக இருக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை. 2023-இல் ஜேம்ஸ் வெப், 2.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 6946 விண்மீன்மண்டலத்தில் 2004இடி, 2017இஏடபிள்யூ என்ற இரண்டு சூப்பர்நோவாக்களில் தூசியைப் பார்த்தது. வெவ்வேறு வயதில் உள்ளவற்றை இப்படி வரிசையாக அளந்தால் வழக்கு ஒருநாள் தீரும்.

தொலைநோக்கியை விட்டுவிட்டு, இனிக் கையில் பிடிக்கக்கூடிய சாட்சிக்கு வருகிறேன்.

நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு லேத் பட்டறையில். கார்பைடு முனை வைத்த டூல் மழுங்கினால் சாணை பிடிக்கப் பச்சை நிறக் கல் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அந்த மெஷினைத் துடைத்தால் பச்சையும் சாம்பலுமாக ஒரு பொடி துணியில் ஒட்டும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் மினுக்கும், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், எளிதில் போகாது. அது சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் அச்சசன் 1891-இல் கண்டுபிடித்து, மணலையும் கரியையும் மின் உலையில் வறுத்துத் தொழிற்சாலைச் சரக்காக்கிய பொருள். இதே சிலிக்கன் கார்பைடு வெடித்த நட்சத்திரங்களிலும் உறைகிறது. அப்படி ஒரு துகளின் படத்தை மெஷினில் இருந்த பையனிடம் காட்டினேன். "ஏனுங்கண்ணா, நம்ம பச்சைக் கல்லுங்களா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருங்க எடுத்துட்டு வந்தாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விண்கல் துண்டு துண்டாக விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் சேகரித்தார்கள். அதை அமிலங்களில் கரைத்துக் கரைத்து, கரையாமல் அடியில் தங்கியதைத்தான் சிகாகோவில் எட்வர்ட் ஆண்டர்ஸும் மற்றவர்களும் தேடினார்கள். ஊசியைக் கண்டுபிடிக்க வைக்கோற்போரையே கொளுத்துகிற முறை என்று அவரே கிண்டல் செய்திருக்கிறார். 1987-இல், மேலே சூப்பர்நோவா வெடித்த அதே வருடம், இதே வகையான மர்ரே என்ற விண்கல்லின் வண்டலில் சிலிக்கன் கார்பைடு கிடைத்தது, பிறகு மர்ச்சிசனிலும். சூரியனே பிறக்காத காலத்துத் துகள்கள். பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சின்னவை.

இவற்றில் மிகப் பெரும்பகுதி வயதான செம்பூதங்களிலிருந்து வந்தவை. நூற்றில் ஒன்று மட்டும் எக்ஸ் ரகம், அதுதான் சூப்பர்நோவாச் சரக்கு. எப்படித் தெரியும்? துகளின் மேல் நுண்ணிய அயனிக் கற்றையை அடித்து, தெறிக்கும் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். செயின்ட் லூயிஸில் எர்ன்ஸ்ட் சின்னர் இதற்காகவே வாழ்ந்தவர். எக்ஸ் துகள்களில் சிலிக்கன்-28 மிதமிஞ்சி இருக்கிறது, நட்சத்திரத்தின் உள்ளடுக்கில் சமைவது அது. ஆனால் நெற்றியடி கால்சியம்-44.

கால்சியம் சிலிக்கன் கார்பைடுப் படிகத்துக்குள் சுலபத்தில் நுழையாது. டைட்டானியம் நுழையும். டைட்டானியம்-44 என்ற ஐசோடோப் சூப்பர்நோவாவின் உள்ளே பிறக்கிறது, அறுபது ஆண்டு அரை ஆயுளில் கடைசியில் கால்சியம்-44 ஆகிவிடுகிறது. எக்ஸ் துகள் சிலவற்றில் கால்சியம்-44-இன் விகிதம் சாதாரண அளவைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதாவது டைட்டானியம் உயிரோடு இருக்கும்போதே துகள் அதை உள்ளே வைத்து மூடிவிட்டது. வேறு எங்கிருந்தோ பிறகு வந்து ஒட்டியிருக்க வாய்ப்பில்லை. தூசியில் இப்படி ஒரு கைரேகை கிடைக்கும் என்று கிளேட்டன் 1975-லேயே எழுதி வைத்திருந்தார். 1996-இல் கிடைத்தது. தொலைநோக்கிக்காரர்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஆய்வகத்துக்காரர்கள் மேஜை மேல் சூப்பர்நோவாத் தூசியை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் நுணுக்கமான கடிகாரம் வனேடியம்-49. அதன் அரை ஆயுள் 330 நாள்தான், டைட்டானியம்-49 ஆகிவிடும். துகளுக்குள் வனேடியமாக நுழைந்தது எவ்வளவு, நுழையும் முன்பே டைட்டானியமாகிவிட்டது எவ்வளவு என்று பிரித்தால், வெடித்து எத்தனை நாள் கழித்துப் படிகம் மூடியது என்று சொல்லலாம். 2018-இல் நான் லியூ என்ற ஆய்வாளரின் குழு இப்படிப் பார்த்ததில் குறைந்தது இரண்டு வருடம் என்று வந்தது. எத்தனையோ கோடி ஆண்டுக்கு முன் வெடித்த பெயர் தெரியாத ஒரு நட்சத்திரமும், 1988-இல் நாம் பார்த்த சாய்ந்த கோடும் ஏறக்குறைய ஒரே கால அளவைச் சொல்வது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

ஆனால் மர்ச்சிசன் துகள்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அவை பிழைத்தவர்களின் வாக்குமூலம். வெடித்த பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது ஓர் அதிர்வலை உள்நோக்கித் திரும்பி வரும். கோடிக்கணக்கான டிகிரிச் சூடான வாயு துகள்களின் மேல் பாய்ந்து அணு அணுவாகச் செதுக்கித் தள்ளும். பத்தில் ஒரு பங்கு மைக்ரானுக்கும் பெரிய துகள் தப்பிக்கலாம், சின்னது அங்கேயே ஆவி. காசியோப்பியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சத்தில், 11,000 ஒளியாண்டு தூரத்தில், இந்த அடி இப்போது விழுந்து கொண்டிருக்கிறது. அங்கே எவ்வளவு தப்பும் என்ற கணிப்புகள் நூற்றில் சிலவற்றிலிருந்து பாதிக்கும் மேல் வரை சிதறிக் கிடக்கின்றன. 1987ஏ-யின் உள்தூசிக்கு அந்தச் சோதனை பெரும்பாலும் இனிமேல்தான். ஆதிகாலக் குவேசாரின் தூசிக் கணக்கும் இந்த ஒற்றை எண்ணில்தான் தொங்குகிறது. பாதிச் சூரியன் உருவாகி முக்கால்வாசி அழிந்தால் சமாளிக்கலாம், நூற்றில் இரண்டுதான் மிஞ்சும் என்றால் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வருவோம்.

தப்பிப் பிழைத்து வெளியே வருகிறது என்பதற்கு வேறு ஒரு பக்கத்திலிருந்தும் சான்று உண்டு. இரும்பு-60 பூமியில் இயற்கையாக உண்டாவது மிக அரிது, அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டு, ஆகவே பூமி பிறந்தபோது இருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. பசிபிக் கடலடியில் மெதுவாகப் படியும் பாறைப் படலத்தில், 20-30 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அடுக்கில், மியூனிக் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 2019-இல் அதே மியூனிக் குழு அண்டார்க்டிகாவின் கோனென் நிலையத்துக்கு அருகே இருபது வருடத்துக்குள் விழுந்த பனியை வெட்டி, 500 கிலோ, உறைந்தபடியே ஜெர்மனிக்குக் கொண்டு வந்து உருக்கி வடிகட்டி, மிச்சத்தை எரித்து, துகள் முடுக்கியில் எண்ணியது. இரும்பு-60 இருந்தது. காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கியதாக இருக்கலாம் என்பதை மாங்கனீஸ்-53 அளவோடு ஒப்பிட்டும், அணுகுண்டுச் சோதனையின் மிச்சமாக இருக்கலாம் என்பதைத் தனியாகவும் விலக்கினார்கள். வாயுவாக வந்திருந்தால் சூரியக் காற்று உள்ளே விட்டிருக்காது, துகளாக இருந்ததால்தான் பூமி வரை வர முடிந்தது. நாம் இப்போது கடந்து கொண்டிருக்கும் விண்மீனிடை மேகத்தில் அந்தத் தூசி மிதக்கிறதா, பழைய வெடிப்பின் வால் இன்னும் சூரியக் குடும்பத்தைத் தொட்டுக் கொண்டிருக்கிறதா என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. அதைத் தீர்க்க இன்னும் பழைய பனியை வெட்டி எடுக்க வேண்டும்.